ஒரு வீடு, 81 பங்கு: செட்டிநாட்டு மாளிகைக்குள்ள ஓடுற சிஸ்டம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே திருத்தப்பட்டுள்ளது.)

ஓஎம்ஆர் டிராஃபிக்ல சிறுசேரி சிப்காட் வாசல் வரைக்கும் ஊர்ந்துகிட்டே கேக்குறவங்களுக்கும், கம்பெனி பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்ச பாக்கியசாலிகளுக்கும் ஸ்பெஷல் வணக்கம்.

"டவுன்டன் அபி மாதிரி பெரிய இங்கிலீஷ் மாளிகை எல்லாம் உள்ள எப்படி இயங்குச்சு, ஒரு எபிசோட் போடுங்க"ன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கீங்க. போட்டுடலாம். ஆனா பாதி தூரம் இங்கிலாந்துல போயிட்டு, மீதியை காரைக்குடி பக்கம் திருப்பப் போறேன். அங்க இருக்கிற கதை இன்னும் முடியல. முடிவு நம்ம தலைமுறை கையில இருக்கு. அதான் காரணம்.

டவுன்டன் அபி பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். கதை 1912ல ஆரம்பிக்குது. டைட்டானிக் மூழ்கிடுச்சுன்னு செய்தி வருது. அந்தக் கப்பல்ல மாளிகையோட அடுத்த வாரிசும் போயிட்டார். வீட்டுல மூணு பொண்ணுங்க இருக்காங்க, ஆனா யாருக்கும் வீடு போகாது. எங்கேயோ இருக்கிற தூரத்துச் சொந்தக்கார ஆம்பளைக்குப் போகும். மொத்த சீரியலும் இந்த ஒரு சட்டச் சிக்கல் மேலதான் ஓடுது.

கதை கற்பனை. ஆனா அதுல காட்டுற வீடு நிஜம். ஹைகிளியர் மாளிகைன்னு பேரு, கார்னர்வன் பிரபு குடும்பத்தோட வீடு. சட்டமும் நிஜம். இங்கிலாந்து மாளிகைகளோட உண்மையான ரகசியம் சுரங்கப்பாதையோ பேயோ கிடையாது. "வீடு அடுத்து யாருக்கு?"ங்கிற விதிதான் அது.

அதே 1912ல நம்ம ஊர்ல, கானாடுகாத்தான்ல, ஒரு அரண்மனை எழும்புச்சு. கட்டினவர் அண்ணாமலைச் செட்டியார். பின்னாளில் ராஜா சர் பட்டம் வாங்கினவர், சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவினவர். சுத்துப்பட்டுல காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், ஆத்தங்குடின்னு சுமார் 75 ஊர்ல நகரத்தார்கள் கட்டின ஆயிரக்கணக்கான மாளிகைகள் இருக்கு. இந்த வீடுகளோட வாரிசு விதி, இங்கிலாந்து விதிக்கு நேர் எதிர். அதுல இருந்துதான் மத்த எல்லாமே கிளம்புது.

மேல ஒரு உலகம், கீழ ஒரு உலகம்

முதல்ல இங்கிலாந்தை வேகமா பாத்துடுவோம்.

அங்க பெரிய மாளிகையில ரெண்டு வீடு ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கும். ஒண்ணு முதலாளி குடும்பம் வாழுற வீடு. இன்னொண்ணு வேலைக்காரங்க ஓடுற வீடு. அவங்களுக்குத் தனி மாடிப்படி, தனி நடைபாதை, சத்தம் வராம இருக்க பச்சைத் துணி அடிச்ச கதவு. எந்த அறையில கயிறு இழுத்தாலும் கீழ வரிசையா தொங்குற மணியில அந்த அறையோட மணி மட்டும் ஆடும். நம்ம பாஷையில சொன்னா, முன்னாடி ஃபிரன்ட் எண்ட், பின்னாடி பேக் எண்ட். பயனாளர் கண்ணுக்கு பேக் எண்ட் தெரியவே கூடாது.

சசெக்ஸ்ல அப்பார்க்னு ஒரு மாளிகை. சமையல் கட்டடம் வீட்டை விட்டுத் தள்ளி இருக்கு, சாப்பாடு தரைக்கடியில சுரங்கம் வழியா வரும். 1880ல இருந்து 1893 வரைக்கும் அந்த வீட்டு நிர்வாகியா வேலை பாத்தவங்களோட பையன்தான் அறிவியல் புனைகதை எழுதின எச்.ஜி. வெல்ஸ். அவரோட 'டைம் மெஷின்' நாவல்ல மனுஷ இனம் ரெண்டா பிரிஞ்சு, ஒண்ணு மேல வெளிச்சத்துலயும் இன்னொண்ணு பூமிக்கடியிலயும் வாழும். அந்த யோசனை எங்க முளைச்சிருக்கும்னு நீங்களே யூகிச்சுக்கோங்க.

வாரிசு விதி என்ன? மூத்த பையனுக்கே எல்லாம். வீடு, நிலம், பட்டம் மூணும் உடையாம ஒரே கைக்குப் போகும். தம்பிங்க ராணுவத்துக்கோ சர்ச்சுக்கோ, இல்லேன்னா இந்தியாவுக்கோ பிழைப்பு தேடிப் போகணும். வீடு தலைமுறை தலைமுறையா முழுசா நிக்கும். மத்த பிள்ளைங்கதான் அதுக்கு விலை.

முகப்புல இருந்து பின்கட்டு வரைக்கும்

இப்போ செட்டிநாடு.

இந்த வீடுகளுக்கு ஒரு தெருவுல தலைவாசல், அடுத்த தெருவுல பின்வாசல். நடுவுல மொத்தமும் வீடு. தலைவாசல்ல நின்னு பாத்தா வாசல் வாசலா கடந்து பின்பக்க வெளிச்சம் வரைக்கும் ஒரே நேர்க்கோட்டுல தெரியும்.

முன்னாடி முகப்பு. திண்ணை, கணக்குப் பார்க்கிற இடம், வர்ற ஆளை உக்கார வைக்கிற இடம் எல்லாம் இங்க. கதவு மேல கஜலட்சுமி, கொஞ்சம் தள்ளி விக்டோரியா ராணி, அதுக்குப் பக்கத்துல துப்பாக்கி வெச்ச சிப்பாய்னு சுதைச் சிற்பம் கலந்து கட்டி இருக்கும். யார் கூட வியாபாரம் பண்றோம், எவ்வளவு தூரம் கை நீளும்னு தெருவுக்குச் சொல்ற போர்டு அது.

அடுத்தது வளவு. நடுவுல திறந்த முற்றம், சுத்தித் தூண் வெச்ச தாழ்வாரம், அதுக்குப் பின்னாடி வரிசையா அறைகள். இந்த அறைகளை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம். அதுக்கு அப்புறம் இரண்டாங்கட்டு, பந்தி போடுற இடம். கடைசியா அடுப்படி, கிணறு, ஆட்டுக்கல், உரல், தோட்டம்.

இங்கயும் ஒரு பேக் எண்ட் இருந்துச்சு, மறைக்க வேண்டாம். முகப்பு ஆம்பளைங்க இடம், பின்கட்டு பொம்பளைங்க இடம். வேலை செய்யிறவங்க பின்வாசல் வழியா வருவாங்க. யார் எந்த வாசல் வரைக்கும் வரலாம்ங்கிறதைச் சாதி முடிவு பண்ணுச்சு. அந்த நேர்க்கோட்டு வாசல் வரிசை, காத்துக்கு மட்டும்தான் எல்லாத்தையும் திறந்து வெச்சுது.

கரண்ட் இல்லாத ஏசி

சிவகங்கை, புதுக்கோட்டை வெயில் உங்களுக்குத் தெரியும். அந்த வெயில்ல இந்த வீட்டுக்குள்ள போனா சட்டுனு குளுமை தெரியும். எப்படின்னு பாப்போம்.

ஒண்ணு, முற்றம். சூடான காத்து லேசு, மேல போகும். முற்றம் அதை வெளிய தள்ளுற புகைபோக்கி மாதிரி. அந்த இடத்தை நிரப்ப வாசல் வரிசை வழியா நிழல்ல இருக்கிற காத்து உள்ள வரும். வீடு நாள் முழுக்க மெதுவா மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும்.

ரெண்டு, கனமான சுவர். பகல் சூடு சுவருக்குள்ள நுழைஞ்சு உள்பக்கம் வந்து சேரவே சாயங்காலம் ஆயிடும். அதுக்குள்ள வெளியே ஆறிடும். கூரையில நாட்டு ஓட்டை ஒரு வரிசையா போடாம அடுக்கடுக்கா போட்டிருப்பாங்க. ஓட்டுக்கு நடுவுல சிக்கியிருக்கிற காத்து சூட்டைத் தடுக்கும்.

மூணு, சுவர்ப் பூச்சு. சுண்ணாம்பு, நைஸான மணல், கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்து, பல பூச்சு பூசி, கடைசிப் பூச்சைக் கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு மெருகேத்துவாங்க. தொட்டா பளிங்கு மாதிரி வழுவழுன்னு இருக்கும். நூறு வருஷம் ஆகியும் பெயின்ட் அடிக்காம நிக்கிற சுவர் இன்னிக்கும் இருக்கு. சுண்ணாம்பு ஈரத்தை உள்ள வாங்கி வெளிய விடும். இது மேல போய் சிமென்ட் பூசினா ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளேயே தேங்கி, சுவர் பொரிஞ்சு போகும். பழைய வீட்டைச் சிமென்ட் வெச்சு ரிப்பேர் பண்ணி கெடுக்கிறது இப்படித்தான்.

நாலு, தண்ணி. கூரை நாலு பக்கமும் முற்றத்தை நோக்கிச் சரியும். மழைத் தண்ணியை அண்டாவுல பிடிச்சு வீட்டுக்கு வெச்சுக்குவாங்க. மீதி வடிகால் வழியா தெருவுக்குப் போய், அங்கிருந்து ஊர் ஊரணிக்குப் போகும். தெருக்களோட சரிவே அதுக்குத் தகுந்த மாதிரி இருக்கும். ஆறு இல்லாத பூமி, அதனால ஒவ்வொரு கூரையும் ஊரோட தண்ணி நெட்வொர்க்ல ஒரு முனை. 2015 வெள்ளத்துல தாம்பரம், முடிச்சூர் பக்கம் இருந்தவங்களுக்கு, தண்ணிக்கு வழி விட்டுக் கட்டினதோட அருமை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

கீழ ஆத்தங்குடி டைல்ஸ். சிமென்ட், உள்ளூர் மணல், கலர் பொடி. கண்ணாடித் தட்டு மேல அச்சு வெச்சு, கையால கலர் ஊத்தி, தண்ணியில ஊற வெச்சுக் காய வைப்பாங்க. சூளையே கிடையாது. பளபளப்பு கண்ணாடியோட உபயம். இதோட பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் டைல்ஸ் எல்லாம் வந்து சேரும்.

புள்ளி: வீட்டோட டேட்டாபேஸ்

வளவுல வரிசையா அறைகள் இருக்குன்னு சொன்னேன்ல? அந்த அறைக்குள்ளதான் இந்த வீட்டோட மூளை இருக்கு.

நகரத்தார் கணக்குல அடிப்படை யூனிட் தனி ஆள் கிடையாது. கல்யாணமான ஒரு ஜோடி. அதுக்குப் பேரு புள்ளி. அவங்களோட ஒன்பது நகரக் கோயில்கள்ல ஏதாவது ஒண்ணுல ஒவ்வொரு ஜோடியும் புள்ளியா பதிவாகும். கோயில் வரியே புள்ளிக்கு இவ்வளவுன்னுதான்.

ஒரு பையனுக்குக் கல்யாணம் ஆனா வளவுல அவனுக்கு ஒரு அறை. பொண்ணு கொண்டு வந்த சீர், பாத்திரம், நகை எல்லாம் அந்த அறையில. பூட்டும் சாவியும் அந்த ஜோடிக்கு. கொஞ்ச நாள்ல 'வேறு வைத்தல்' நடக்கும். அரிசி, பருப்பு, செலவுப் பணம்னு வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஒதுக்கிக் கொடுத்து, தனி அடுப்பு வெச்சு, "உங்க குடித்தனத்தை நீங்க பாத்துக்கோங்க"ன்னு விட்டுடுவாங்க. வீடு ஒண்ணு, அடுப்பு பல.

கூட்டுக் குடும்பம்னா எல்லாரும் ஒரே உலையில சாப்பிடுறதுன்னு நினைச்சிருப்போம். இங்க அப்படி இல்ல. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, கிணறு பொது. கல்யாணம், அறுபதாம் கல்யாணம், இழவு எல்லாம் பொது இடத்துல. பணம், சாப்பாடு, சேமிப்பு தனி. நாங்க ஆபீஸ்ல மல்ட்டி டெனன்ட்னு சொல்ற டிசைன் அப்படியே இதுதான்: ஒரே சர்வர், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பூட்டின தனி டேட்டா. ஒருத்தர் செலவு இன்னொருத்தர் கணக்குல கலக்காது.

ஏன் இப்படி? ஆம்பளைங்க வீட்டுல இருக்க மாட்டாங்க. வெளிநாட்டுக் கடைக்கு ஏஜென்ட்டா போனா பொதுவா மூணு வருஷத் தவணை. பெட்டியடிப் பையனா தொடங்கி, அடுத்தாளாகி, அப்புறம் கடையையே நடத்துற நிலைக்கு வருவாங்க. அங்கயும் இதே டிசைன்தான். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில, ஒரே கூடத்துல ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு சின்ன மேசை. இன்னிக்கு ஓஎம்ஆர்ல கோ ஒர்க்கிங்னு வாடகை வாங்குறாங்களே, அதேதான்.

ஊர்ல அறைச் சாவி பெண்கள் கையில. மூணு வருஷம் வரவு செலவு, சாமான், பிள்ளை வளர்ப்பு, நாள் கிழமை எல்லாம் அவங்க நிர்வாகம். மாளிகை யார் பேர்ல இருந்தாலும் அதை ஓட்டினது அவங்கதான். ஆனா வீட்டுல பங்கு மட்டும் ஆம்பளைப் பிள்ளைங்களுக்கு.

தேக்கு எங்கிருந்து வந்துச்சு?

இந்தக் கேள்வியை கேக்காம டூர் அடிக்கிறது சரியா வராது.

1852ல பிரிட்டிஷ்காரங்க கீழ் பர்மாவைப் பிடிச்சாங்க. 1869ல சூயஸ் கால்வாய் திறந்துச்சு. பர்மா அரிசி உலகச் சந்தைக்குப் போக ஆரம்பிச்சுது. காட்டை வெட்டி வயலாக்க விவசாயிக்குக் கடன் வேணும். ஐரோப்பிய பேங்க் கிராமத்துக்குப் போகாது. அந்த இடத்துக்குப் போனவங்க செட்டியார்கள். ஐராவதி டெல்டாவோட விவசாயக் கடன் பெருமளவு அவங்க கையில இருந்துச்சு. அந்த வட்டி இங்க தூணா, ஓடா, டைல்ஸா வந்து இறங்குச்சு.

1930ல உலகப் பொருளாதாரம் படுத்துச்சு, நெல் விலை சரிஞ்சுது. கடனைக் கட்ட முடியாத விவசாயியோட நிலம் அடமானத்துல கைமாறுச்சு. கீழ் பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930ல சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில. 1937-38 வாக்குல அது சுமார் 25 சதவீதம். நிலத்தைத் தேடிப் போகல, பணத்தைத்தான் தேடினாங்கன்னு ஒரு வாதம் உண்டு. அது நியாயமான வாதம்தான். நிலத்தை இழந்த பர்மியக் குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் ஒண்ணும் பெருசா தெரிஞ்சிருக்காது. அதுவும் நியாயம்தான்.

இங்கிலாந்துலயும் இதே கேள்வி. ஹேர்வுட் மாளிகை கரீபியன் சர்க்கரை, அடிமை வியாபாரப் பணத்துல எழும்பினது. வேல்ஸ்ல இருக்கிற போவிஸ் கோட்டையில கிளைவ் குடும்பம் கொண்டு போன திப்பு சுல்தானோட கூடாரமே இருக்கு. 2020ல அங்க நேஷனல் டிரஸ்ட், தன்கிட்ட இருக்கிற 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடயும் அடிமை வியாபாரத்தோடயும் இருந்த தொடர்பை வெளியிட்டுச்சு. பெரிய சண்டையே நடந்துச்சு. அழகை ரசிக்கிறதும் கணக்கு கேக்கிறதும் ஒண்ணையொண்ணு அழிக்காது. ரெண்டையும் சேத்துப் பாத்தாதான் வீடு முழுசா தெரியும்.

அப்புறம் எல்லாம் வேகமா முடிஞ்சுது. 1941 டிசம்பர்ல ரங்கூன் மேல ஜப்பான் குண்டு. லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினாங்க, காட்டு வழியா நடந்தே வந்தவங்க ஏராளம். 1948ல பர்மா சுதந்திரம், நில தேசியமயச் சட்டம். 1963ல பேங்குகளும் போச்சு. வருமானம் நின்னுச்சு. வீடு மட்டும் நின்னுச்சு.

3, 9, 27, 81

இப்போ வாரிசு விதிக்குத் திரும்புவோம். இங்க மூத்த பையனுக்கு மட்டும் கிடையாது, எல்லாப் பையனுக்கும் சமம். நியாயமான விதி. ஒரு சின்ன கணக்கு போடலாம். 1912ல வீடு கட்டினவருக்கு மூணு பசங்க. ஒவ்வொருத்தருக்கும் மூணு மூணுன்னா 9. அடுத்து 27. அடுத்து 81. இதுல 1989 தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005 மத்திய திருத்தமும் வந்து, பெண்களுக்கும் குடும்பச் சொத்துல சம உரிமை கொடுத்துச்சு. ரொம்பத் தாமதமா வந்த நீதி. பங்கு இன்னும் விரியும்.

81 பேர்ல ஒருத்தர் சென்னை, ஒருத்தர் கோலாலம்பூர், ஒருத்தர் டெக்சாஸ். ஓடு உடைஞ்சு மழை இறங்குது. மாத்த யார் காசு கொடுக்கணும்? ஒருத்தர் கொடுத்தா "அவருக்கு என்ன உள்நோக்கம்?"னு கேள்வி வரும். யாரும் கொடுக்கலேன்னா மரம் உளுக்கும். அந்தக் காலத்துல எல்லாரையும் சண்டையில்லாம ஒரே கூரைக்குக் கீழ வெச்ச அதே டிசைன், இன்னிக்கு ஒரு ஓட்டைக்கூட மாத்த விடாம பூட்டி வெச்சிருக்கு.

சட்டத்துல என்ன வழி? எந்தப் பங்குதாரரும் பாகப்பிரிவினை கேக்கலாம். ஆனா ஒரு முற்றத்தை 81 துண்டா வெட்ட முடியுமா? பிரிக்க முடியாத சொத்துன்னா, பாதி பங்குக்குக் குறையாம வெச்சிருக்கிறவங்க கேட்டா, வித்துப் பணமா பிரிக்க கோர்ட் உத்தரவு போடலாம். 1893 பாகப்பிரிவினைச் சட்டம் அதுக்கு இடம் கொடுக்குது. வித்தா நிறைய நேரம் வீடா போகாது. தூண் தனி, கதவு தனி, ஜன்னல் தனின்னு கழட்டுவாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல கடை கடையா இருக்கிற பழைய சாமான் எங்கிருந்து வருதுன்னு இப்போ புரியும். அடுத்த முறை ஒரு கஃபேல பழைய தேக்குத் தூண் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்கும்போது, அது ஒரு காலத்துல எந்த வளவைத் தாங்குச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

எதிர் விதி வெச்சிருந்த இங்கிலாந்து தப்பிச்சுதா? இல்ல. அமெரிக்கக் கோதுமை வந்து நில வருமானம் விழுந்துச்சு. 1894ல புது மரண வரி வந்துச்சு, போகப் போக ஏறிக்கிட்டே போச்சு. ஒரே வாரிசுங்கிறதால மொத்த வரியும் ஒரே தலையில. நூத்துக்கணக்கான மாளிகைகளை இடிச்சாங்க. 1974ல லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல, இடிஞ்ச மாளிகைகளுக்குன்னே ஒரு கண்காட்சி வெச்சாங்க. ஒரே ஆள் கையில இருந்தாலும் விழுது, 81 பேர் கையில இருந்தாலும் விழுது. வீட்டைக் கட்டின வருமானம் நின்ன அப்புறம், பராமரிப்புக்கு யார் பொறுப்புன்னு எழுதி வைக்காததுதான் ரெண்டு இடத்துலயும் பொதுவான பிரச்சனை.

ஆனா அங்க ஒரு விஷயம் முன்கூட்டியே பண்ணாங்க. 1937ல சட்டம் போட்டு, குடும்பம் வீட்டை நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்துட்டு, அதுலயே தொடர்ந்து குடியிருக்கலாம், பொதுஜனம் வந்து பாக்கலாம்னு வழி பண்ணாங்க. நம்ம பக்கம் செட்டிநாட்டு ஊர்கள் 2014ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல ஏறிச்சு. நல்ல விஷயம். ஆனா பட்டியல் ஓடு மாத்தாது. சில வீடுகள் ஹோட்டலா மாறி நிக்குது. சில குடும்பங்கள்ல படைப்புக்கு, அதாவது முன்னோர் வழிபாட்டுக்கு, எல்லாரும் ஊருக்கு வருவாங்க. அன்னிக்கு வீடு திறக்கும், விளக்கு எரியும், அப்பவே வசூல் பண்ணி ரிப்பேரும் நடக்கும். என் பார்வையில அந்த நாள்தான் நல்ல வாய்ப்பு. எல்லாரும் ஒரே பந்தியில உக்காந்திருக்கும்போதே, குடும்ப டிரஸ்ட் ஒண்ணு, புள்ளிக்கு இவ்வளவுன்னு வருஷச் சந்தா, முடிவெடுக்க ஒரு விதி. எழுதிப் பதிவு பண்ணிடணும். கோயிலுக்குப் புள்ளி வரி கட்டிப் பழகின சமூகத்துக்கு இது புதுசு இல்ல.

செட்டிநாட்டுக்காரங்க மட்டும் கேக்க வேண்டிய விஷயமும் இல்ல இது. உங்க ஊர்ல தாத்தா பேர்ல ஒரு ஓட்டு வீடு, பத்திரம் யார்கிட்டன்னு தெரியாம, பெரியப்பாவும் சித்தப்பாவும் பேசிக்காம நிக்குதா? இதே கதைதான், சைஸ் சின்னது. பேசக்கூடிய பெரியவங்க இருக்கும்போதே பத்திரம், பட்டா, வாரிசுப் பட்டியல் மூணையும் கேட்டு ஒரு ஃபோல்டர்ல போட்டு வெச்சுக்கோங்க.

நேர்ல பாக்கணும்னா காரைக்குடி வரைக்கும் உடனே போக வேண்டாம். சிறுசேரியில இருந்து கேளம்பாக்கம், கோவளம் வழியா ஈசிஆர் பிடிச்சா முட்டுக்காடு பக்கம் தட்சிணசித்ரா. 1996ல திறந்த இடம். அங்க ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டைக் கழட்டிக் கொண்டு வந்து திரும்பக் கட்டி வெச்சிருக்காங்க. சனிக்கிழமை மத்தியானம் போங்க, வெயில் நல்லா அடிக்கணும். தலைவாசல்ல ஒரு நிமிஷம் நில்லுங்க, காத்து வரும். அப்புறம் வளவு அறைக் கதவுகளை ஒவ்வொண்ணா எண்ணுங்க. ஒவ்வொரு கதவும் ஒரு குடித்தனம்.

அவ்வளவுதான் மக்களே. உங்க குடும்பத்துல இப்படி ஒரு பூட்டின வீடு இருந்தா, எத்தனை பங்கு, யார் ஓடு மாத்துறாங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம். டாட்டா!